300 மில்லி பாட்டிலும் பெரியம்மாவின் கௌரவமும்!

“நீ கல்யாண வேலை பார்க்க வந்தியா, இல்ல எனக்கு கிளாஸ் எடுக்க வந்தியா?”

திருச்சி உறையூரில் இருக்கும் என் பெரியம்மா, பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்டதோடு நிற்கவில்லை. கையில் இருந்த இன்ச் டேப்பைச் சுருட்டி தையல் மெஷின் மேல் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அக்கா என்னை முறைத்தாள். அம்மா, “வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?” என்று கண்ணாலேயே கேட்டார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கல்யாணத்துல இலைக்கு இலை தண்ணி பாட்டில் வைக்காம இருக்க முடியுமா பெரியம்மா?”

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். குப்பையைக் குறைக்கிறேன் என்று வாராவாரம் ஏதாவது ஒன்றை ஆரம்பிப்பேன். பாதியில் சொதப்புவேன். சொதப்பியதையும் சேர்த்து இங்கே எழுதுவேன். ஆனால், இதுவரை சொதப்பியதெல்லாம் என் வீட்டு விஷயம், என் பர்ஸ். இந்த முறை நான் கை வைத்தது பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில்!

முதலில் என் லட்சணம்

ஊருக்கு உபதேசம் சொல்லும் முன் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸில் எனக்கு ஒரு நாளைக்கு மூன்று டீ. மாதம் 25 நாள் என்றால் 75 பேப்பர் கப். வருஷத்துக்கு 900. எனக்கு மட்டும்! ‘பேப்பர்தானே, மக்கிடும்’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டீயை ஊற்றினால் வெறும் பேப்பர் ஊறிக் கிழிந்துவிடும். கிழியாமல் இருப்பதற்குக் காரணம், உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. ஐ.ஐ.டி கரக்பூர் ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் பேப்பர் கப்பில் வைத்திருந்தால், சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்பது அவர்கள் கண்டது. செய்தி தட்டச்சு செய்துகொண்டே டீயை மறந்துவிட்டு, ஆறியபிறகு குடிக்கும் ஆள் நான். 15 நிமிடமெல்லாம் எனக்குச் சாதாரணம்.

மறுநாளே வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டு போனேன். டீ கொண்டு வரும் அண்ணன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். “கண்ணாடி கிளாஸ்ல குடுக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா பாப்பா? நாப்பது கிளாஸைக் கழுவ ஆளும் தண்ணியும் யார் குடுப்பா?” நியாயமான கேள்வி. அதனால் அவரவர் டம்ளரை அவரவரே கழுவிக்கொள்வது என்று எங்கள் டெஸ்க்கில் ஆறு பேர் முடிவு செய்தோம். இப்போது நான்கு பேர் மிச்சம். நானே போன வாரம் இரண்டு நாள் டம்ளரை வீட்டில் மறந்துவிட்டு, பேசாமல் பேப்பர் கப்பில் குடித்தேன்.

ஷாப்பிங் கதை இதைவிட மோசம். ‘பசுமையாக வாழ்கிறேன்’ என்று ஆன்லைனில் மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, தேங்காய் நார் ஸ்க்ரப்பர் எல்லாம் ஆர்டர் செய்தேன். அட்டைப்பெட்டிக்குள் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் மூங்கில் பிரஷ். அம்மா பார்த்துவிட்டு, “தேங்காய் நாருக்கு எதுக்குடி காசு குடுத்த? நேத்துதான் ரெண்டு தேங்காய் உரிச்சேன்” என்றார். ஸ்டீல் ஸ்ட்ராவை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும் பழக்கமே எனக்கு இல்லை என்பது வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது!

இப்படிப்பட்ட நான்தான் பெரியம்மாவிடம் போய் பாட்டில் வேண்டாம் என்றேன்.

கௌரவம் என்றால் என்ன?

பெரியம்மா ஏன் கோபப்பட்டார் என்பது எனக்கு அன்று புரியவில்லை. ராத்திரி அக்காதான் சொன்னாள்.

பெரியப்பா தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. ஜாக்கெட் தைத்தே அக்காவைப் படிக்க வைத்தவர் பெரியம்மா. அப்பா இல்லாத பெண்ணின் கல்யாணத்தில் ஒரு குறை என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பது அவருடைய ஒரே கவலை. “மாப்பிள்ளை வீட்டுல அவங்க பெரிய பொண்ணு கல்யாணத்துல இலைக்கு ஒரு பாட்டில் வெச்சாங்கடி. நாம டம்ளர்ல தண்ணி ஊத்தினா, ‘ஆம்பளை இல்லாத வீடு, சிக்கனம் பிடிச்சிட்டாங்க’ன்னு பேசுவாங்க. அதான் அம்மாவுக்கு” என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு 300 மில்லி பாட்டிலில் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மறுநாள் கிளம்பும்போது, “பெரியம்மா, உங்க இஷ்டப்படியே செய்யுங்க. நான் எதுவும் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அதன்பிறகு நடந்த எதுவும் என் பேச்சால் நடந்தது இல்லை.

மண்டபத்தின் பின்பக்கம்

சித்திரையில் மண்டபத்தைப் பார்க்கப் போனோம். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. சமையல் கூடம், ஸ்டோர் ரூம், பாத்திரம் தேய்க்கும் இடம் எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று பெரியம்மா சொன்னார். முந்தைய நாள் அங்கே ஒரு ரிசப்ஷன் நடந்திருந்தது.

பின்பக்கக் கதவைத் திறந்ததும் அந்த வாடை. இடுப்பு உயரத்துக்குக் குப்பை. வாழை இலை, சோறு, சாம்பார், அதன் நடுவே பாட்டில்கள், ஐஸ்கிரீம் கப், டிஷ்யூ பேப்பர், மேஜை விரிப்பு. பாட்டில்களில் பாதியில் தண்ணீர் அப்படியே இருந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்தவை.

இரண்டு அம்மாக்கள் அதற்குள் கைவிட்டுப் பாட்டில்களைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையுறை இல்லை. ஒருவர் ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து, மிச்சத் தண்ணீரைக் கீழே கொட்டி, நசுக்கிச் சாக்கில் போட்டார். இன்னொருவரின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. “உடைஞ்ச கண்ணாடி கிழிச்சிடுச்சு” என்றார், நாங்கள் கேட்காமலேயே.

பெரியம்மா, “எத்தனை மணிக்கும்மா வந்தீங்க?” என்று கேட்டார்.

“அஞ்சு மணிக்கு வந்தோம்க்கா. கார்ப்பரேஷன் வண்டியில மக்குறது தனியா, மக்காதது தனியாக் குடுக்கணும். கலந்து குடுத்தா எடுக்க மாட்டாங்க. இங்க எல்லாம் கலந்துதான் வருது.”

அப்போது மணி பதினொன்றரை.

பெரியம்மா எதுவும் சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போதும் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, “தண்ணிக்கு எவ்வளவு ஆகும்னு ஒரு பேப்பர்ல எழுதுடி” என்றார்.

கணக்கு போட்டோம்

ரிசப்ஷன் டின்னர் 450 இலை, காலை டிபன் 300, மதியச் சாப்பாடு 450. மொத்தம் 1,200 இலை.

இலைக்கு ஒரு பாட்டில், ஒன்று 6 ரூபாய் என்றால் 7,200 ரூபாய்.

அதே தண்ணீரை 20 லிட்டர் கேனில் வாங்கினால்? 1,200 பேருக்கு 300 மில்லி என்பது 360 லிட்டர். அதாவது 18 கேன். சிந்துவது, இரண்டாவது டம்ளர் கேட்பது எல்லாம் சேர்த்து 30 கேன் என்று வைத்துக்கொண்டோம். கேன் 35 ரூபாய் வீதம் 1,050 ரூபாய். வாடகைப் பாத்திரக் கடையில் 500 எவர்சில்வர் டம்ளர், ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 750 ரூபாய். தண்ணீர் ஊற்ற இருவர், டம்ளர் கழுவ ஒருவர் என மூன்று பேருக்குத் தலா 800 ரூபாய் கூலி, 2,400. மொத்தம் 4,200 ரூபாய்.

மிச்சம் 3,000. பெரியம்மா அந்தப் பேப்பரை இரண்டு முறை பார்த்தார். “மிச்சம் பிடிக்கத்தான் செஞ்சோம்னு சொல்லிடுவாங்களே” என்றார், மறுபடியும். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அந்த மிச்சத்தைப் பந்தியில் கூட ஒரு இனிப்பாகப் போட்டுவிடலாம். “தண்ணியில குறைச்சவங்க இனிப்புல கூட்டுவாங்களா? வாயைத் திறக்க மாட்டாங்க!”

பெரியம்மாவின் மூளையே மூளை.

‘இது துணியே இல்லடி!’

அடுத்தது தாம்பூலப் பை. கடைக்காரர் காட்டியது, துணி போலவே இருக்கும் நான்-ஓவன் பை. மணமக்கள் பெயர் அச்சடித்து 8 ரூபாய். 500 பைக்கு 4,000.

இந்தப் பையைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கான தடை 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் கேரி பேக், பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், பேப்பர் தட்டு, ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட் ஆகியவற்றோடு இந்த நான்-ஓவன் பையும் உண்டு. பார்க்கத் துணி போல இருந்தாலும், பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டிச் செய்வது இது. ஆனால், நான் வாயைத் திறக்கவில்லை. பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தேனே!

பெரியம்மாவே பையின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தார். “நூலே வரலையே? பாவும் இல்ல, ஊடையும் இல்ல. இது துணியே இல்லடி!” என்றார். வீட்டுக்கு ஒரு சாம்பிளை எடுத்து வந்து, ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினார். பொசுங்கிச் சுருண்டு, சொட்டாக உருகி, கறுப்பு மணியாக உறைந்தது. பிறகு தன் மெஷினுக்குக் கீழே கிடந்த பருத்தித் துண்டு ஒன்றைக் கொளுத்தினார். அது சாம்பலாக உதிர்ந்தது. முப்பது வருஷமாகத் துணி தொடும் கை. அதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை.

“நானே தைக்கிறேன்” என்றார்.

இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். துணிப்பை என்றாலே நல்லது என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. பருத்தியை விளைவிக்கவும், நூற்கவும், நெய்யவும் ஆகும் ஆற்றலையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான், ஒரே ஒரு முறை பயன்படுத்திய மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பூமியைச் சூடேற்றுவதில் அது மேலானதாகும். வாரம் ஒரு முறை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனால் இரண்டரை வருஷம்! பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் போவதும் இந்தக் கணக்கில் வராது என்பது வேறு விஷயம். ஆனாலும், பீரோவில் மடித்து வைத்த துணிப்பையால் யாருக்கும் லாபம் இல்லை. என் வீட்டிலேயே எண்ணிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் 23 துணிப்பைகள்!

இதைச் சொன்னதும் பெரியம்மா இரண்டு விஷயம் செய்தார். ஒன்று, ஆளுக்கு ஒரு பை என்பதைக் குடும்பத்துக்கு ஒரு பை என்று மாற்றினார். 500 பை 250 ஆனது. இன்னொன்று, “பேர் கொட்டை எழுத்துல போட்டா யாரும் மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போக மாட்டாங்க. உள்பக்கம் சின்னதாப் போடு” என்றார். அக்காவுக்கு அதில் லேசான வருத்தம்தான். வெளிப்பக்கம் ஒரு மாங்காய் டிசைன் மட்டும்.

ஒரு மீட்டர் காடா துணியில் நான்கு பை. 65 மீட்டர், மீட்டர் 42 ரூபாய் வீதம் 2,730. அச்சுக்கட்டை, மை, நூல் எல்லாம் 300. கைப்பிடிக்கு, ஜாக்கெட் வெட்டி மிஞ்சிய லைனிங் துணி. மொத்தம் 3,030 ரூபாய்தான் என்று நான் குதித்தபோது, “என் கூலியை உங்கப்பனா குடுப்பான்?” என்று கேட்டார் பெரியம்மா. சரிதானே? வீட்டில் பெண்கள் செய்யும் வேலைக்கு மட்டும் விலை போடாமல் விட்டுவிட்டு ‘பசுமை மலிவு’ என்று எழுதுவது நேர்மை இல்லை. பைக்கு 5 ரூபாய் கூலி போட்டால் 1,250. சேர்த்தால் 4,280. கடைப் பையைவிட 280 ரூபாய் அதிகம். அதுதான் உண்மைக் கணக்கு.

அந்த நாள்

வைகாசி கடைசி முகூர்த்தம். எல்லாம் அழகாக நடந்தது என்று எழுத ஆசைதான்.

ரிசப்ஷன் டின்னர் பிரச்னை இல்லை. காலை டிபனும் சரி. மதியம் இரண்டாவது பந்தியில் மாட்டிக்கொண்டோம். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கழுவிய டம்ளர் வரவில்லை. நாற்பது இலைக்கு டம்ளர் இல்லை. மாமா, “இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பித்தார். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் இரண்டு தம்பிகளும் பின்கட்டில் டம்ளர் கழுவினோம். ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். எனக்கு ஐம்பது நிமிடம் போல இருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா இலையில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார். “பாட்டில் தண்ணி வைக்கலையா?”

பெரியம்மா அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தார். அந்த ஒரு நொடியில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒன்பது வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி, கடைசியில் தண்ணீர் பாட்டில் வடிவத்தில் வந்துவிட்டது. வந்ததற்குக் காரணம் நான்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள், மருந்து சாப்பிடுகிறவர்கள் இருப்பார்களே என்று இரண்டு பெட்டி பாட்டில் தனியாக வைத்திருந்தோம். ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்து வைத்தேன். அவர் வாங்கி மாத்திரை போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்! அவர் கேட்டது மாத்திரை போட மட்டும்தான். இரண்டாவது இனிப்பை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். யாரும் எதையும் சிக்கனம் என்று சொன்னதாக இன்றுவரை எங்கள் காதுக்கு வரவில்லை. சம்பந்தி அம்மா மட்டும் கிளம்பும்போது, “அந்தப் பை இன்னும் ரெண்டு இருந்தா குடுங்க” என்றார். பெரியம்மா ஐந்து கொடுத்தார்.

ஜெயிக்காத விஷயங்களும் உண்டு. 400 ஐஸ்கிரீம் கப்புக்கு எங்களிடம் மாற்று இல்லை. மணமேடை அலங்காரத்துக்குப் பூ செருகும் பச்சை ஸ்பாஞ்சை வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டோம். ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று நாங்கள் சொல்லியும், அக்காவின் ஃப்ரெண்ட்ஸ் மூன்று ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அதில் ஒன்று இப்போது பெரியம்மா வீட்டு விறகுக் கொட்டகையின் ஓட்டைக் கூரையை மூடியிருக்கிறது. மழை வந்தால் அக்காவும் மாமாவும் சிரித்த முகமாக நனைகிறார்கள்!

இலை விஷயத்தில் மட்டும் திருச்சிக்காரர்களுக்குக் கவலை இல்லை. காவிரிக் கரை வாழைத் தோட்டங்கள் பக்கத்திலேயே. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆனாலும், டிபனுக்கு ‘பச்சை கலர் பேப்பர் இலை’ போடுகிறேன் என்றார் கான்ட்ராக்டர். பிளாஸ்டிக் பூச்சுள்ள அந்த இலையை ஆடு மாடும் தின்ன முடியாது, மண்ணும் தின்ன முடியாது. மூன்று வேளையும் வாழை இலைதான் என்று பெரியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, மூன்றரை மணி இருக்கும், பின்பக்கம் போனேன். அதே இரண்டு அம்மாக்கள். ஒரு பக்கம் இலையும் சோறும். இன்னொரு பக்கம் இரண்டு சாக்கு. ஒன்றில் ஐஸ்கிரீம் கப், இன்னொன்றில் பாட்டில்கள். பந்தி எடுத்த பையன்களிடம் இலையில் வேறு எதையும் சேர்த்து மடிக்கக் கூடாது என்று பெரியம்மா காலையிலேயே சொல்லி, பின்கட்டில் இரண்டு டிரம் வைத்திருந்தார். எனக்கே தெரியாது.

கட்டைவிரலில் துணி சுற்றியிருந்த அம்மாவுக்குக் காயம் ஆறியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டே, “இன்னிக்குப் புள்ள ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவேன் பாப்பா” என்றார்.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு...

எங்கள் அனுபவத்தில் இருந்து சில குறிப்புகள். கல்யாணம் என்று இல்லை, வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம், கோயில் அன்னதானம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

1. மண்டபம் புக் செய்யும்போது, பின்பக்கத்தையும் போய்ப் பாருங்கள். குப்பையை யார், எப்படி, எங்கே கொண்டு போகிறார்கள் என்று கேளுங்கள். டம்ளர் கழுவக் குழாயும் இடமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. ஒரு பந்திக்கு எத்தனை இலையோ, அதைப்போல் மூன்று மடங்கு டம்ளர் வேண்டும். ஒன்று மேஜையில், ஒன்று கழுவுமிடத்தில், ஒன்று கையிருப்பில். எங்கள் மண்டபத்தில் ஒரு பந்திக்கு 200 இலை. நாங்கள் 500 டம்ளர் எடுத்ததுதான் தப்பு. 600 எடுத்திருக்க வேண்டும். கழுவ ஒருவர் போதாது. இருவர் வேண்டும்.

3. கேன் தண்ணீர் வாங்கினால் ஐ.எஸ்.ஐ முத்திரையும் சீலும் பார்த்து வாங்குங்கள். வயதானவர்களுக்கு வெந்நீர் ஒரு ஃபிளாஸ்க்கில் தனியாக இருக்கட்டும்.

4. பாட்டிலை அறவே ஒழிக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஓரிரு பெட்டி கையிருப்பில் இருந்தால் யார் மனமும் கோணாது. எங்களுக்கு அதற்கு ஆன செலவு 360 ரூபாய். மிச்சமான 3,000 இதனால் 2,640 ஆனது. அதுவும் இனிப்பில் கரைந்தது.

5. பிரிப்பதை இலை எடுக்கும் இடத்திலேயே செய்யுங்கள். சாம்பாரில் ஊறிய பாட்டிலை எந்தக் காயலான் கடையும் மதிக்காது. சுத்தமாக இருந்தால் அதற்கு விலை உண்டு. அந்தக் காசு பிரித்தவருக்கே போகட்டும்.

6. தெருவிலோ காலி மனையிலோ பந்தல் போட்டு 100 பேருக்கு மேல் கூட்டும் நிகழ்ச்சி என்றால், மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

7. துணிப்பை கொடுப்பதென்றால், வாங்குபவர் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போக வெட்கப்படாத பையாகக் கொடுங்கள். ஒரு காலத்தில் ‘மஞ்சப்பை’ என்றால் பட்டிக்காட்டு ஆள் என்று கிண்டல். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் நடத்தும் அளவுக்கு அதற்கு மரியாதை திரும்பியிருக்கிறது. பை நம் கையில் தொங்கினால்தான் அந்த மரியாதை நிற்கும்.

அடுத்து ஆடிப்பெருக்கு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிடுவார்கள். போன வருஷம் சாயங்காலம் அந்தப் படிகள் எப்படி இருந்தன என்று எனக்கு நினைவிருக்கிறது. இந்த முறை பெரியம்மா, எங்கள் தெருவில் இருந்து வரும் எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே அடுக்கில் சாதம், வீட்டுக்கு வீடு தட்டு, டம்ளர் என்று இப்போதே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். போனில் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

“டம்ளர் கழுவ நீ வர்றல்ல?”

டிக்கெட் போட்டுவிட்டேன். படித்துறையில் என்ன நடந்தது என்று அதன்பிறகு சொல்கிறேன். உங்கள் வீட்டு விசேஷத்தில் நீங்கள் எதையாவது மாற்றிப் பார்த்திருந்தால், சொதப்பியிருந்தாலும் பரவாயில்லை, எழுதி அனுப்புங்கள். முக்கியமாக, ஐஸ்கிரீம் கப்புக்கு மாற்று கண்டுபிடித்தவர்கள் உடனே எழுதுங்கள். எங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் என்னுடையதாம். அம்மா ஜாதகக் கட்டை வெளியே எடுத்துவிட்டார்!